‘3 இடியட்ஸ்’ இந்திப் படத்தில், கல்லூரி மேடையில் பேசும் மாணவன் சதுர் தன் பேச்சில் சொல் மாறியிருப்பதை ஏன் கவனிக்கவில்லை?

காரணம் எளிது: சதுருக்கு இந்தி சரியாகத் தெரியாது. உகாண்டாவில் பிறந்து பாண்டிச்சேரியில் படித்த சதுர் ராமலிங்கம் கதைப்படி தமிழர். நடித்த ஓமி வைத்யா அமெரிக்காவில் பிறந்தவர் என்பதால் அந்தத் தடுமாறும் உச்சரிப்பு அப்படிப் பொருந்திவிட்டது.

ஆசிரியர் தினப் பேச்சைச் சுத்த இந்தியில் எழுதித் தருபவர் நூலகர் துபே. அதில் ‘சமத்கார்’ (அற்புதம்) வரும் இடமெல்லாம் ‘பலாத்கார்’ (வன்புணர்வு) என்றும், ‘தன்’ (பணம்) என்பதை ‘ஸ்தன்’ (மார்பு) என்றும் படத்தின் நாயகன் ராஞ்சோ மாற்றிவிடுகிறான். ஒலி நெருக்கம், பொருள் பாதாளம். பொருள் தெரிந்தவன் முதல் வரியிலேயே நின்றிருப்பான். சதுர் நெட்டுரு போட்டவன், அரங்கம் சிரிக்கச் சிரிக்க உற்சாகமாகிறான்.

பலர் தவறவிடுவது இதன் நோக்கத்தை. வீட்டு வறுமைக்குப் பயந்து ராஞ்சோவின் நண்பன் ராஜு, சதுரின் அறைக்கே குடிபோயிருப்பான். மனப்பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்று ராஜுவுக்குக் காட்டத்தான் இந்தக் குறும்பு. அவமானப்பட்ட சதுர் அன்றிரவே தண்ணீர்த் தொட்டிச் சுவரில் செப்டம்பர் 5 என்று கீறி, பத்து வருடம் கழித்து இதே நாளில் யார் பெரிய ஆள் என்று பார்க்கலாம் எனச் சவால் விடுகிறான். பின்னால் ராஞ்சோவைத் தேடிப் போகும் பயணமே அதிலிருந்துதான்.

திரைக்கதையாகக் கச்சிதம். ஆனால் வன்புணர்வைக் குறிக்கும் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கவைப்பது 2009இல் கடந்துபோனதுபோல இன்று கடந்துபோவதில்லை. அந்த விமர்சனம் நியாயமானதே.