சீட்டு வறட்சி: அண்ணாச்சியிடம் கேட்டவை

போக்கர் டோர்னமென்ட்டில் மணிக்கணக்காக நல்ல சீட்டே வராவிட்டால் எப்படித் தாக்குப்பிடிப்பது? இதைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிதான் அது. மீதியில் ராசிக்கல் வரை இருக்கிறது. கையில் எத்தனை பிக் ப்ளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன்னே ஒருவர் கட்டியாக வேண்டிய பந்தயம், சிப்பை அதை வைத்துத்தான் அளப்போம்) இருந்தது, எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்ற இரண்டையும் எழுதாமல் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

தக்கலையிலிருந்து: அண்ணாச்சி, நண்பர்கள் ஒன்பது பேர் ஆடுகிறோம். போன வாரம் ஒன்றரை மணி நேரம் எனக்கு ஒரு நல்ல கை வரவில்லை, காத்திருந்தே வெளியேறினேன். இது சாதாரணமா, இல்லை கலைக்கிறவனைச் சந்தேகப்படணுமா?

சாதாரணம்தான். பத்து ஜோடியும் அதற்கு மேற்பட்ட ஜோடிகளும், அப்புறம் ஏஸ்-கிங், ஏஸ்-குயின், இவற்றை நல்ல கை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கையில் வரும் இரண்டு சீட்டு சேரும் வழிகள் மொத்தம் 1326. அதில் இந்த நல்ல கைகள் 62. அதாவது சுமார் 21 கைக்கு ஒன்று. மேசையில் ஒன்றரை மணி நேரத்துக்கு 40 கை ஓடும். அந்த 40-இலும் ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு ஏறக்குறைய 15 சதவீதம், ஏழு தடவைக்கு ஒரு தடவை. ஒன்பது பேர் உட்கார்ந்தால் யாராவது ஒருத்தருக்கு அன்றைக்கு அந்தக் கதி என்றே வைத்துக்கொள்ளலாம். போன வாரம் உமக்கு.

சந்தேகம் தீரவில்லையென்றால் சீட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விட்டுக் கலைப்பதை ஏழு முறை செய்யச் சொல்லும். 52 சீட்டு ஓரளவு நன்றாகக் கலைய அது போதும் என்று கணித ஆட்கள் 1992-இலேயே எழுதிவிட்டார்கள்.

ஆனால் உம்மை வெளியே தள்ளியது சீட்டு இல்லை தம்பி. ஃபோல்ட் செய்வது, அதாவது கையை விட்டுவிடுவது, சும்மா கிடைப்பதில்லை, அதற்கு வாடகை உண்டு. ஒரு சுற்றில் ஸ்மால் ப்ளைண்ட் அரை, பிக் ப்ளைண்ட் ஒன்று, பிக் ப்ளைண்டில் இருப்பவர் கூடுதலாகக் கட்டும் ஆன்டி ஒன்று, ஆக இரண்டரை பிக் ப்ளைண்ட் போகும். 25 வைத்திருப்பவர் பத்துச் சுற்று தாங்கலாம் என்று கணக்குப் போடுவார். இடையில் ப்ளைண்ட் இரட்டிப்பானால் அந்தக் கணக்கு பாதியாகிவிடும்.

இந்த வாடகையை மற்றவர்களின் ஃபோல்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். எல்லாரும் விட்டுவிட்டு ஆட்டம் பட்டனில், அதாவது இரண்டு ப்ளைண்டுக்கும் முந்தின இடத்தில், இருக்கும் உம்மிடம் வருகிறது. நடுவில் இரண்டரை கிடக்கிறது. நீர் 2.2 பிக் ப்ளைண்டுக்கு ஏற்றுகிறீர். பின்னால் இருக்கும் இரண்டு பேரும் 47 சதவீதம் தடவை விட்டுவிட்டாலே, உம் கையில் எந்தக் குப்பை இருந்தாலும் நஷ்டமில்லை. அவர்கள் ஈடாகப் போட்டு அழைத்தாலும் சில நேரம் ஜெயிப்பீர், அது தனி லாபம். ஒன்றரை மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஆளின் ரைஸுக்கு எல்லாரும் பயப்படுவார்கள். வறட்சியில் கிடைக்கிற ஒரே சொத்து அந்தப் பயம். உம்மைப் போலப் பலர் அதைச் செலவு செய்யாமலே எழுந்து போகிறார்கள்.

கொளச்சலிலிருந்து: ஏஸ்-கிங் வச்சு, இருந்த சிப்பெல்லாம் போட்டு ஆல்-இன் போனேன், குயின் ஜோடிகிட்டத் தோத்தேன். மூணாவது தடவை. ராசியே இல்ல.

குயின் ஜோடிக்கு எதிரே ஏஸ்-கிங் ஜெயிப்பது 43-லிருந்து 46 சதவீதம், கிட்டத்தட்ட காசு சுண்டுவதுதான். ஸ்டாக், அதாவது கையிலிருந்த சிப்பு, எவ்வளவு இருந்தது என்று எழுதவில்லை.

அருமனையிலிருந்து: ஸ்டாக் மூணு பிக் ப்ளைண்டுக்கு வந்த பிறகு நல்ல கைக்குக் காத்திருக்கலாமா?

அந்தக் காத்திருப்பு பத்தில் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். மூன்றோடு ஆல்-இன் போனால் பிக் ப்ளைண்டில் இருப்பவர் இன்னும் இரண்டு போட்டால் போதும், மொத்தம் ஏழரைக்கு ஆடலாம். அவருக்கு 27 சதவீத வாய்ப்பு இருந்தால் அழைப்பது சரி. எந்தச் சீட்டுக்கும் கிட்டத்தட்ட அது இருக்கும், எனவே கண்ணை மூடிக்கொண்டு அழைப்பார். இதையே 12-இல் செய்திருந்தால் அவர் 11 போட வேண்டும், 43 சதவீதம் தேவைப்படும். பெரும்பாலும் விட்டுவிடுவார். ஆளைப் பயமுறுத்தும் அளவுக்கு ஸ்டாக் இருக்கும்போதே தள்ளிவிடும்.

1982 உலகப் போக்கர் தொடரில் ஒரே ஒரு சிப்பில் இருந்து மீண்டு பட்டம் வென்ற ஜாக் ஸ்ட்ராஸ் கதையைச் சொல்லி இங்கே நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். கதை உண்மைதான். அபூர்வம் என்பதால்தான் இத்தனை வருஷமாகப் பேசுகிறோம். அதை நம்பி மூன்று பிக் ப்ளைண்ட் வரை உட்காராதீர்கள்.

குலசேகரத்திலிருந்து: மழை விடவில்லை, ரப்பர் வெட்டு நின்றுபோச்சு. ஆன்லைனில் தினம் ஒரு டோர்னமென்ட் கட்டினால் வீட்டுச் செலவுக்கு ஆகுமா அண்ணே?

ஆகாது மக்கா. இதைப் படிக்கிற எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடுக்கிறது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைக் காட்டி இப்போது ஆட முடியாது. வெளிநாட்டு ஆப், டெலிகிராம் குழு என்று யாராவது ஆசை காட்டினால் போகாதே. பணம் போனால் கேட்க ஆள் கிடையாது.

சட்டம் இல்லாவிட்டாலும் கணக்கு இடிக்கும். நன்றாக ஆடுகிறவருக்கும் டோர்னமென்ட்டில் பெரும்பாலான நாள் வெறுங்கைதான். எப்போதாவது ஒருநாள் வரும் பெரிய பரிசுதான் எல்லாவற்றையும் ஈடுகட்டும். மாதாமாதம் அரிசி வாங்கும் பணம் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்காது. எங்கள் கூட்டத்தில் பிளாஸ்டிக் சிப்புதான், ஜெயித்தவருக்கு ஒரு மட்டி வாழைக் குலை. சும்மா ஆட ஆசையென்றால் வா.

மார்த்தாண்டம் பெரியவர்: சீட்டு ஆட ஆரம்பிச்சு ஐம்பது வருஷம் ஆச்சு எனக்கு, நான் சொல்றேன். கெட்ட சீட்டு ஒரு அளவுக்குமேல வராது, திரும்பும். கட்டை மாத்தணும், இல்ல இடம் மாறி உட்காரணும். இருபத்தெட்டுங்கிற சீட்டாட்டத்துல இதெல்லாம் பாத்தவன் நான். உங்க போக்கர் வெறும் அதிர்ஷ்டம். ஒரு கையில முடிஞ்சுபோறது என்ன ஆட்டம்?

மாமா, இருபத்தெட்டை நானும் மதிக்கிறேன். ஜாக்குக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, இதை மனசில் ஓட்டிக்கொண்டே எதிரி மறைத்து வைத்த துருப்பு எது என்று ஊகிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் அதில் சீட்டு வராவிட்டால் பாஸ் சொல்லலாம். எதிரில் கூட்டாளி இருக்கிறார், அவர் கேள்வி வைத்து உங்களையும் கரை சேர்ப்பார். போக்கரில் கூட்டாளி என்று ஒருவர் இருந்தால் அதற்குப் பெயர் கள்ள ஆட்டம்.

சீட்டு திரும்பும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கலைத்த கட்டுக்குப் போன கை ஞாபகம் இருக்காது. நாற்பது கை வறட்சிக்கு அப்புறம் 41-ஆவது கையில் நல்ல சீட்டு வர வாய்ப்பு அதே 21-க்கு ஒன்றுதான். கட்டை மாற்றினாலும் அதேதான்.

மீண்டும் மார்த்தாண்டம் பெரியவர்: அப்ப என் அனுபவம் பொய்யா? இடம் மாறின அன்னைக்கெல்லாம் ஜெயிச்சிருக்கேன்.

இடம் மாறாமல் ஜெயித்த நாளை யார் எண்ணினார்கள் மாமா? இடத்தில் விஷயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. சும்மா சும்மா ஏற்றுகிற ஆள் உங்களுக்கு வலப்பக்கம் இருந்தால், அவர் ஆடிய பிறகு நீங்கள் முடிவெடுக்கலாம். 18 பிக் ப்ளைண்ட் இருக்கையில் அவர் மேலேயே ஆல்-இன் போட்டால் பலமுறை விட்டுவிடுவார். இதில் சீட்டு மாறவில்லை, தகவல் உங்களிடம் கூடுதலாக இருக்கிறது. ஆனால் டோர்னமென்ட்டில் இடத்தைத் தேர்ந்தெடுக்க விடமாட்டார்கள், குலுக்கலில் வந்த நாற்காலிதான்.

ஒரு கையில் முடியும் என்றீர்களே, அதில் நியாயம் உண்டு. ஒவ்வொரு முறையும் 80 சதவீதச் சாதகத்தோடு, முழு ஸ்டாக்கையும் வைத்து நாலு தடவை போனாலும், நாலிலும் பிழைக்க வாய்ப்பு 41 சதவீதம்தான். அதனால்தான் சண்டை போடாமல் எடுக்கும் சின்னச் சின்ன ப்ளைண்டை நான் இவ்வளவு பேசுகிறேன்.

பெரியவருக்கு ஆதரவாக மேலும் ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள், இரண்டு பேர் விளவங்கோடு பெருமை பேசுகிறீர்கள். சவத்தை விடுங்கள், அடுத்ததற்குப் போவோம்.

கருங்கலிலிருந்து: ராசிக்கல் மோதிரம் போட்டால்…

மோதிரம் அழகுக்குப் போடலாம்.

வடசேரியிலிருந்து: ஏஸ்-கிங் ஆல்-இன் போகலாமா?

ஸ்டாக், இடம். மேலே படியும்.

திங்கள்சந்தையிலிருந்து: தோத்துக்கிட்டே இருந்தா கோபத்துல எல்லாக் கையையும் ஆடிடறேன். எப்படி நிறுத்துறது?

நல்ல கேள்வி, ஆனால் என் துறை பாதிதான். எனக்குத் தெரிந்தது: கோபம் வந்தால் முதலில் முடிவெடுக்க வேண்டிய இடங்களிலிருந்து ஏற்றுவதை நிறுத்தும், பட்டனுக்குப் பக்கத்தில் மட்டும் ஆடும். அது அடங்காமல் வீட்டிலும் வேலையிலும் எரிச்சலாக வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாரும். அதற்குப் போக்கர் ஆளிடம் கேட்கக் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து: கோவா நேரடி டோர்னமென்ட். ஒன்பது பேர், ஆன்டி உண்டு, என்னிடம் 12 பிக் ப்ளைண்ட். பட்டனுக்கு முந்தின இடம். எல்லாரும் விட்டார்கள். கிங்-ஜாக், இரண்டும் இஸ்பேட். இரண்டு மணி நேரத்தில் இதுதான் பெரிய கை. பரிசு வட்டத்துக்கு இன்னும் வெகுதூரம். ஆல்-இன் போய், ஏஸ்-கிங்கிடம் தோற்றேன். தப்பா?

இத்தனை பேரில் ஒருவராவது எல்லா விவரமும் எழுதினீரே, நன்றி. தப்பே இல்லை. பின்னால் மூன்றே பேர், நடுவில் இரண்டரை, 12 இருப்பதால் விடச் சொல்லி மிரட்ட முடிகிறது. கிங்-ஜாக்கை அங்கே விட்டால்தான் தப்பு. பரிசுக்கு ஓரிரு பேர் மட்டும் வெளியேற வேண்டிய நேரமாக இருந்து, பின்னால் பெரிய ஸ்டாக் காரர்கள் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். அப்போதும் பெரும்பாலும் போயிருப்பேன்.