டெபியன் 13-இல் 32-பிட் கணினிகளைக் கைவிட்டது நியாயமா? ஏழைகளைப் பற்றி இந்தத் தன்னார்வலர்களுக்குக் கவலையே இல்லையா?

கேள்வியின் விவரத்தில் "ஏழை நாடுகளில் பழைய கணினியை வைத்துக் காலம் தள்ளுகிறவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆள் நான்தான். காவேரிப்பட்டணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பாலக்கோடு வரை எந்த எடைமேடையில் பென்டியம் 4 இன்னும் ஓடுகிறது, எந்த மாங்காய் மண்டியில் ஆட்டம் (Atom) பிராசசர் போட்ட நெட்புக்கில் கணக்கு எழுதுகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. பாதி நானே போட்டுக் கொடுத்தவை. என் பேரைச் சொல்லி யாரோ டெபியன்காரர்களைத் திட்டும்போது சுருக்கென்று இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில்.

நியாயம்தான். இப்படிச் சொல்வதால் என் பிழைப்புக்கு நஷ்டம் என்றாலும் நியாயம்தான்.

விவரம் தெரியாமல் படிக்கிறவர்களுக்காக: டெபியன் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து செய்து இலவசமாகத் தருகிற லினக்ஸ் சிஸ்டம். 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13, அதாவது டிரிக்ஸி வந்தது. அதில் ஐ386-க்கு, அதாவது 32-பிட் இன்டெல் வகைப் பிராசசர்களுக்கு, கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) கிடையாது, இன்ஸ்டாலரும் கிடையாது. 64-பிட் பிராசசரில் பழைய 32-பிட் புரோகிராம் ஏதாவது ஓட்ட வேண்டுமென்றால் அதற்கான பேக்கேஜ்கள் (அப்படியே போட்டுக்கொள்ளும்படி கட்டி வைத்த மென்பொருள்கள்) மட்டும் இருக்கின்றன. இது ராத்திரியோடு ராத்திரியாக எடுத்த முடிவும் இல்லை. 2023 டிசம்பரில், கேம்பிரிட்ஜில் கூடிப் பேசிய வெளியீட்டுக் குழு, இப்படித்தான் ஆகப்போகிறது என்று வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. டெபியன் மாதிரியே இன்னொரு லினக்ஸான ஆர்ச் 2017-லேயே 32-பிட்டை விட்டது. ஃபெடோரா 2019-இல் 32-பிட் கெர்னலை நிறுத்தியது. டெபியன் அதற்கப்புறமும் ஆறு வருடம் தாங்கிப் பிடித்தது. அதற்கு ஒருவரும் நன்றி சொன்ன மாதிரி தெரியவில்லை.

நீங்கள் அனேகமாகக் கல்லூரி மாணவராக இருப்பீர்கள், இல்லை பெங்களூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராக இருப்பீர்கள். ஊரில் அப்பாவிடம் பழைய நெட்புக் ஒன்று இருக்கும், விடுமுறைக்கு வந்தபோது அதில் புது வெர்ஷன் போடப் பார்த்திருப்பீர்கள், இன்ஸ்டாலரே இல்லை என்று தெரிந்ததும் கோபம் வந்திருக்கும். தப்பாக யூகித்திருந்தால் மன்னிக்கவும்.

என் கதைக்கு வருகிறேன். நான் டெபியன் டெவலப்பர் இல்லை. எனக்கு அங்கே ஓட்டும் கிடையாது. ஒரே ஒரு சின்னப் பேக்கேஜைப் பார்த்துக்கொள்கிறேன், அதையும் ஸ்பான்சர் என்று ஒரு டெபியன் டெவலப்பர் சரிபார்த்துத்தான் ஏற்றுவார். சீரியல் போர்ட்டில் வரும் எடையைப் படிக்கிற கருவி அது. முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் நேரமில்லை என்று விட்டுவிட்டார். டெபியனில் இப்படி ஆளில்லாமல் போன பேக்கேஜ்களுக்குத் தனிப் பட்டியலே உண்டு. 'அனாதை' என்றே குறித்து வைப்பார்கள். என் எடைமேடைகள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடின என்பதால் நான் எடுத்துக்கொண்டேன். தமிழ்ப்பற்று, சமூக சேவை எல்லாம் ஒன்றுமில்லை.

எடைமேடை எப்படி வேலை செய்யும் என்று பார்த்திருக்கிறீர்களா? லாரி மேலே ஏறியதும் இண்டிகேட்டரில் சிவப்பு எண் கொஞ்ச நேரம் ஆடும். டிரைவர் இறங்கி நின்றபின் எண் அப்படியே நிற்கும். அந்த எண்ணை இண்டிகேட்டர் ஒன்பது ஊசி கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பும். கணினி அதை வாங்கி மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை என்று கழித்துப் போட்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மூன்று நகல் அடிக்கும். சீசனில் ராத்திரி இரண்டு மணிக்குக்கூட வண்டி வரும். கணினி நின்றால் பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடும், எனக்கு போன் வரும்.

அந்தக் கருவியை முதலில் எழுதிய ஐரோப்பாக்காரர் பல காலம் கழித்து ஒரு புது வெர்ஷன் விட்டார். அதில் சுய சோதனைகளையும் சேர்த்திருந்தார், நல்ல விஷயம்தான். நான் பேக்கேஜ் செய்து அனுப்பினேன். ஏஎம்டி64-ல், அதாவது இப்போதைய 64-பிட் பிசிக்களில், பாஸ். ஆர்ம் 64 என்ற மொபைல் வகைப் பிராசசரில் பாஸ். ஐ386-ல் மட்டும் ஃபெயில். மொத்த எடையிலிருந்து வண்டி எடையைக் கழித்தால் வர வேண்டிய விடையும் வந்த விடையும் சமமில்லை என்றது. இரண்டையும் திரையில் அச்சிட்டுப் பார்த்தால் ஒரே எண்!

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பழைய இன்டெல் பிராசசரில் தசம எண் கணக்குக்கு எக்ஸ்87 என்று ஒரு தனிப் பகுதி உண்டு. மற்ற எல்லா இடத்திலும் 64 பிட்டில் நடக்கிற கணக்கு அதற்குள் 80 பிட்டில் நடக்கும். நினைவகத்துக்கு வந்துபோகும்போது வால் பகுதி வெட்டப்படும். வெட்டிய எண்ணையும் வெட்டாத எண்ணையும் ஒப்பிட்டால் எப்படிச் சமமாகும்? அதை விட்டுவிட்டு, பின்னால் வந்த எஸ்எஸ்இ2 என்ற கணக்கு வசதியைப் பயன்படுத்து என்று கம்பைலரிடம் (சோர்ஸை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் கருவி) சொன்னால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஆனால் அப்போதைய டெபியன் விதிப்படி ஐ386 பேக்கேஜ் எஸ்எஸ்இ2 இல்லாத பிராசசரிலும் ஓட வேண்டும். சரி, அந்த வழியும் அடைத்தது.

முன்பு ஐ386-ல் ஒழுங்காக பில்ட் ஆன பேக்கேஜ் இப்போது ஆகவில்லை என்றால், மற்ற இடங்களில் எத்தனை பாஸானாலும் அது டெஸ்டிங்குக்கு, அதாவது அடுத்த வெளியீட்டுக்கான தொகுப்புக்கு, போகாது. ஸ்பான்சரிடம் கேட்டேன். தன்னிடம் அப்படிப்பட்ட மெஷின் எதுவுமே இல்லை, நீங்களே பாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். தெரிந்த மற்றவர்களிடமும் கேட்டேன். ஒரே ஒருவர் பதில் போட்டார். அவருடைய பழைய லேப்டாப் போன வருடமே செத்துவிட்டதாம், வருத்தம் தெரிவித்திருந்தார்.

கடைசியில் கடை மூலையில் கிடந்த பென்டியம் 4-ஐத் தூசி தட்டி எடுத்தேன். மிக்ஸி மாதிரி சத்தம் போடும் அதன் ஃபேன். ஒரு தடவை கம்பைல் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் களி தின்றுவிட்டு வரலாம், அப்போதும் முடிந்திருக்காது. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. தீர்வு என்னவோ சின்னதுதான். எடையைத் தசமத்தில் வைக்காமல் முழுக் கிலோவாகவே வைத்துக் கழித்தேன். எடைமேடை எப்படியும் பத்துப் பத்துக் கிலோவாகத்தானே காட்டும்! மாற்றியது சில வரிகள். அதைக் கண்டுபிடிக்க அந்த சீசனில் எனக்குக் கிடைத்த ராத்திரிகள் எல்லாம் போயின. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லவில்லை.

இது ஒரு குட்டிப் பேக்கேஜின் கதை. டிரிக்ஸியில் மொத்தம் 69,830 பேக்கேஜ்கள் இருக்கின்றன. இதில் பிரவுசர் மாதிரி மலைகளும் உண்டு. ஒரு 32-பிட் புரோகிராமால் 4 ஜிபி-க்கு மேல் நினைவகத்தைத் தொடவே முடியாது. கம்பைலரும், அது தரும் துண்டுகளை ஒன்றாக இணைக்கிற லிங்கரும் புரோகிராம்தானே. பிரவுசரைக் கட்டி முடிக்க அந்த இடம் போதாமல், என்னென்னவோ வித்தை செய்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பும் அப்படித்தான். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பிராசசர் ஓட்டை வெளியே வந்தது, நினைவிருக்கும். 64-பிட் லினக்ஸுக்கு உடனே திருத்தம் வந்தது. அதே திருத்தம் 32-பிட்டுக்கு அதிகாரபூர்வ கெர்னலில் வந்தது 4.19-இல், அந்த வருடம் அக்டோபரில். பத்து மாதம்! வேலை செய்கிற ஆட்களின் கையில் அந்த மெஷின் இல்லாதபோது இப்படித்தான் ஆகும். 'ஆதரவு உண்டு' என்று பலகை மட்டும் தொங்கும், உள்ளே ஆள் இருக்காது. அப்படி ஓட்டுவதைவிட இழுத்துப் பூட்டிவிட்டு, பூட்டிவிட்டோம் என்று சொல்வது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

2038 விவகாரம் வேறு இருக்கிறது. 32-பிட்டில் நேரத்தை எண்ணும் பழைய முறை 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8:44-க்கு, நிரம்பி வழிந்துவிடும். டிரிக்ஸியில் மற்ற 32-பிட் பிராசசர் வகைகளை எல்லாம் 64-பிட் நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஐ386-ஐ மட்டும் மாற்றவில்லை. மாற்றினால், சோர்ஸ் கையில் இல்லாத பழைய புரோகிராம்கள் உடைந்துவிடும். இப்போது ஐ386 இருப்பதே அந்தப் பழைய புரோகிராம்களுக்காகத்தான்.

இப்போது சிலர் கிளம்பி வருவார்கள் என்று தெரியும். "அப்படியானால் ஏழைகள் குப்பையில் போட வேண்டியதுதானா? இதுவா சுதந்திர மென்பொருள்?" ஐயா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஐ386-ஐ நிறுத்தலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் என்னிடம் பழைய மெஷின் இருக்கிறது, நிறுத்தக் கூடாது என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். கெர்னலையும் இன்ஸ்டாலரையும் சோதித்து பக் வந்தால் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் மயான அமைதி. சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவரிடம் எனக்காக இன்னும் கொஞ்சம் செய் என்று எந்த உரிமையில் கேட்பது? நெட்பிஎஸ்டி, ஆல்பைன் மாதிரி வேறு சிஸ்டங்கள் இன்னும் 32-பிட் தருகின்றன, தெரியும். தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். நான் டெபியனுக்கு வக்கீல் இல்லை.

எடைமேடை என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏழைகள் மேல் அக்கறை இருக்கிறவர்கள் ஒரு தடவை ஜூன் மாதம் எங்கள் பக்கம் வாருங்கள். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை படுத்துவிட்டது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. மாங்கூழ் பேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். வெயிலில் நிற்க நிற்கக் காய் வாடும், எடை குறையும். அதற்கப்புறம் எடை போட்டு என் கணினி ரசீது அடிக்கும், எழுத்துப் பிசகாமல். அந்த ரசீதை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தால் ஒருவர் பால்பாயிண்ட் பேனாவால் நிகர எடையை அடித்துவிட்டு, 'கழிவு' என்று எழுதி, ஒரு குறைந்த எண்ணைப் பக்கத்தில் போடுவார். எந்தக் கணக்கில் என்று கேட்டால், இஷ்டமிருந்தால் இறக்கு, இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பு என்பார்கள். வாடிய காயை எங்கே திருப்பிக் கொண்டுபோவது? எக்ஸ்87 கடைசி பிட்டில் தப்புப் போட்டது என்று நான் ராத்திரி முழிக்கிறேன், இங்கே பேனாவிலேயே குவிண்டால் கணக்கில் போகிறது. இதைக் கேட்க ஒரு நாதி இல்லை. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான். ஏழை என்று ஆரம்பித்தது நீங்கள்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். முதலில் அது நிஜமாகவே 32-பிட்தானா என்று பாருங்கள். என் கடைக்கு '32-பிட்' என்று வருகிற பெட்டிகளில் நிறைய 64-பிட் பிராசசர்தான். எப்போதோ ஒருவர் 32-பிட் சிஸ்டம் போட்டுவிட்டார், அதுவே பேராகிவிட்டது. டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) கட்டளை கொடுங்கள். ஆப்-மோட் (op-mode) வரியில் 32-பிட், 64-பிட் என்று இரண்டும் வந்தால் பிரச்சினையே இல்லை, டேட்டாவை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு 64-பிட் டிரிக்ஸியைப் புதிதாகப் போடுங்கள். அப்கிரேட் செய்ய முயல வேண்டாம், டெபியனே அதைப் பரிந்துரைக்கவில்லை. கோர் 2 டுவோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆட்டம் என்.270 என்றால் நிஜமான 32-பிட், மேலே போக முடியாது. அதில் டெபியன் 12-லேயே இருங்கள். எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவில் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை வரும். அந்த வேலைக்குச் சில நிறுவனங்கள் காசு கொடுக்கின்றன என்பதையும் கவனியுங்கள்.

எங்கள் எடைமேடை ஓனரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ உன் லினக்ஸும் காலி, விண்டோஸ் மாதிரிதானாப்பா?" என்றார். "இல்லைங்ணா, பெட்டிதான் காலி" என்று சொல்லி, பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் 64-பிட் பிராசசரான ஐ3-க்குப் பழைய போர்டு ஒன்று தேடி வாங்கி வந்தேன். பின்னால் சீரியல் போர்ட் இருக்காது, ஆனால் போர்டுக்குள் காம் (COM) என்று எழுதி ஒன்பது ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு பிராக்கெட் கேபிள் மாட்டினால் போதும். மலிவான யுஎஸ்பி கன்வெர்ட்டர் மட்டும் வேண்டாம், ஜெனரேட்டர் மாறும்போதெல்லாம் தொடர்பு அறுந்துபோகும். அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.

இந்தப் பக்கத்துக்காரர் என்றால் பெட்டியைக் கடைக்கே எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். பார்க்கக் காசு வேண்டாம். சிஆர்டி மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், வைக்க இடமில்லை.