கட்சிச் சண்டையும் கண்ணாடி இழையும்: ஊராட்சி இணையம் பற்றிக் கேள்வி பதில்

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிளில் (ஃபைபர்) இணையம் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டம் பாரத்நெட், அந்த வேலையைத் தமிழ்நாட்டில் பார்க்கும் மாநில நிறுவனம் டான்ஃபிநெட், ஆஸ்திரேலியாவின் தேசிய இணைய வலைத் திட்டமான என்பிஎன் என்று மூன்று பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. கேபிள், டெண்டர், பராமரிப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு விரிவாகச் சொல்கிறேன். எந்த பிளான் நல்லது, எந்த ரவுட்டர் வாங்கலாம் என்ற கேள்விகளை இங்கே எடுக்கவில்லை.

திருவாரூர் கல்லூரி மாணவி: சார், 2011-ல் அறிவித்த திட்டம் இன்னும் ஏன் இழுக்கிறது? கட்சிச் சண்டைதான் காரணமா?

சண்டைக்குப் பங்கு உண்டு. மேடையில் திட்டிக்கொள்வதால் கேபிள் நிற்காது. ஒவ்வொரு முறையும் திட்டத்தின் வடிவத்தையே மாற்றினால் நிற்கும். தேதிகளைப் பாருங்கள்.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அப்போது பெயர் தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க். சுமார் 20,000 கோடி ரூபாயில் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கு என்று கணக்கு. 2012-ல் அதற்கென்றே பிபிஎன்எல் நிறுவனம் வந்தது. கேபிள் போடும் வேலையை பிஎஸ்என்எல், ரயில்டெல், பவர்கிரிட் என்ற மூன்று அரசு நிறுவனங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 2014-ல் ஆட்சி மாறியது, 2015-ல் பெயர் பாரத்நெட் ஆனது. முதல் 1 லட்சம் ஊராட்சியைத் தொட 2017 டிசம்பர் ஆனது. அதே ஆண்டு இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாடு உள்பட 8 மாநிலங்கள் தாங்களே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். 2021 ஜூனில் 16 மாநிலங்களுக்குத் தனியார் கூட்டு முறை, அரசின் பங்கு 19,041 கோடி. அந்த டெண்டருக்கு ஆளே வரவில்லை. 2022-ல் பிபிஎன்எல்லை பிஎஸ்என்எல்லோடு இணைத்தார்கள். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடிக்குத் திருத்திய திட்டம் வந்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது திட்ட அறிக்கை, புது சர்வே, புது டெண்டர் வேண்டும். அந்த இடைவெளியில், ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கும் கேபிளை யார் பார்த்துக்கொள்வது என்று தெளிவாக இருக்காது. ஆட்சியின் ஆயுள் 5 ஆண்டு, நல்ல கேபிளின் ஆயுள் 25 ஆண்டு. கேபிள் கெட்டுப்போவது இந்த இடைவெளியில்தான். எப்படிக் கெடுகிறது என்பதை அடுத்த கேள்வியில் கணக்காகவே காட்டுகிறேன்.

இன்னொன்று. கிலோமீட்டர் கணக்கை நம்பாதீர்கள். கேபிள் போட்ட ஊராட்சி, சர்வீஸ் ரெடி ஆன ஊராட்சி, இன்று இணைப்பு ஓடும் ஊராட்சி என்று மூன்று எண் உண்டு. அறிக்கையில் முதல் இரண்டுதான் கண்ணில் படும். நீங்கள் மூன்றாவதைக் கேளுங்கள்.

புதுச்சேரி கொம்யூன் ஊழியர்: அலுவலகத்தில் பாரத்நெட் பெட்டி இருக்கு. சிவப்பு லைட் எரியுது, நெட் இல்லை. போன வருஷம் ஓடிச்சு. என்ன பண்றது?

ஃபைபரில் வரும் ஒளியை இணைய இணைப்பாக மாற்றும், முதல் கட்டத்து ஜிபான் பெட்டி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். சிவப்பில் எரிவது 'லாஸ்' விளக்கு. பெட்டிக்கு வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். முதலில் பேட்ச் கார்டின், அதாவது பெட்டியில் செருகும் சின்ன ஃபைபர் கம்பியின், முனையைப் பாருங்கள். பச்சைத் தலை பச்சையோடும் நீலத்தலை நீலத்தோடும் சேர வேண்டும். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகச் சீவப்பட்டது. இரண்டையும் மாற்றிச் செருகினால் நடுவில் காற்று இடைவெளி விழுந்து வெளிச்சம் குறைந்துவிடும். அடுத்து, கார்டு எங்காவது இறுக்கமாக மடங்கியிருக்கிறதா, மேஜைக் கால் அடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே கூடாது. வருவது 1490 நானோமீட்டர் ஒளி, கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் ஆபத்து இல்லை என்று ஆகாது.

இதற்கு மேல், ஒளியின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் காட்டும் பவர் மீட்டர் வேண்டும். மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் டிபிஎம் காட்டினால் பெட்டி ஏற்றுக்கொள்ளும். இப்போது கணக்கு. ஒன்றியத்தில் இருக்கும் ஓஎல்டி என்ற கருவி அனுப்பும் ஒளி பிளஸ் 3 என்று வையுங்கள். 12 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் என்று கறாராகவே போட்டால் 4.2. நான்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு 7.2. இழைகளை உருக்கி ஒட்டும் மூட்டுக்குப் பெயர் ஸ்ப்ளைஸ்; ஆறு ஸ்ப்ளைஸுக்கு 0.6. நான்கு கனெக்டருக்கு 2. ஆக 14 டெசிபல் போகும், பெட்டிக்கு மைனஸ் 11 வரும். தாராளமான நிலை.

இனி பொக்லைன் ஒரு தடவை கேபிளை அறுக்கிறது. இரு முனையையும் இழுத்து ஒட்ட நீளம் போதாது, நடுவில் துண்டு கேபிள் வைக்க வேண்டும். எனவே ஓர் அறுப்புக்கு இரண்டு ஸ்ப்ளைஸ். நிதானமாகச் செய்தால் ஒன்றுக்கு 0.1 டெசிபல்கூட ஆகாது. பில் எப்போது வரும் என்று தெரியாத ஒப்பந்தக்காரர், இருட்டில், இழையை நேராக வெட்டும் கிளீவர் தேய்ந்துபோனதை வைத்துச் செய்தால் 0.3, 0.4 ஆகும். 20 அறுப்பு என்றால் 40 ஸ்ப்ளைஸ், 0.3 வீதம் 12 டெசிபல். மைனஸ் 11 இப்போது மைனஸ் 23. இனி ஸ்ப்ளைஸ் பெட்டியின் மூடி ரப்பர் போய் மழைத்தண்ணீர் இறங்கினால், இரண்டு கனெக்டரில் தூசி படிந்தால், 27-ஐத் தாண்டிவிடும். போன வருஷம் ஓடியது இந்த வருஷம் நிற்பதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம். ஒரே அறுப்பாகவும் இருக்கலாம். எங்கே என்பதை, இழைக்குள் ஒளியை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் ஓடிடிஆர் கருவி, எத்தனையாவது மீட்டர் என்றே காட்டிக்கொடுத்துவிடும். புகார் எண்ணும் தேதியும் வாங்கி, ஓடிடிஆர் படம் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

மெல்போர்ன் வாசகர்: எங்கள் என்பிஎன் கதையும் இதுதானே, அண்ணா?

வேர் ஒன்று, கிளை வேறு. அங்கே சண்டை தொழில்நுட்பத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. 2009 ஏப்ரலில் தொழிற்கட்சி அரசு, 4,300 கோடி டாலர் மதிப்பீட்டில் 10-ல் 9 கட்டடங்களுக்கு உள்வரை ஃபைபர் என்று அறிவித்தது. அது வீண்செலவு, தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர் போட்டு மீதிக்குப் பழைய செம்புக் கம்பியைப் பயன்படுத்தினால் சீக்கிரமும் சிக்கனமுமாக முடியும் என்று எதிர்க்கட்சிக் கூட்டணி 2013 தேர்தலில் நின்று ஜெயித்தது.

செம்பில் தூரம்தான் விதி. பெட்டியிலிருந்து 300 மீட்டருக்குள் வீடு இருந்தால் 100 எம்பிபிஎஸ் பக்கம் கிடைக்கும். ஒரு கிலோமீட்டர் தாண்டினால் 30-க்குக் கீழே இறங்கும். இணைப்பு மூட்டில் ஈரம் ஏறினால் மழைநாளில் விட்டுவிட்டு வரும். தெருமுனைப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் மின்சாரமும் பேட்டரியும் வேண்டும். ஃபைபரில் நடுவழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு அது எதுவும் தேவையில்லை. கடைசியில் 2020 செப்டம்பரில், அதே கூட்டணி அரசு 450 கோடி டாலர் மேம்பாட்டை அறிவித்தது. அதில் பெரும்பகுதி, செம்பு போட்ட தெருக்களுக்கு ஃபைபர் கொண்டுபோக. ஒரு தெருவுக்கு இரண்டு தடவை ஆள் அனுப்புகிற செலவு அது. கூட்டணியின் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் நான்கு ஆண்டில் வேலை உண்மையிலேயே மெதுவாக நடந்தது. மெதுவாக நடக்கும் வேலைக்கு மருந்து ஒப்பந்தத்தைச் சரிசெய்வது. அவர்கள் கம்பியை மாற்றினார்கள்.

கொல்லிமலை ஆசிரியர்: செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் வந்தால் இதெல்லாம் வீண்தானே?

உங்கள் மலைக்கு அது உதவலாம். சமவெளியில் ஓர் ஊரே சேர்ந்து பயன்படுத்த ஃபைபர்தான்.

சேலம் வாசகர்: 5ஜி இருக்கும்போது ஃபைபர் எதற்கு?

அந்த 5ஜி டவரின் காலடிக்கு எது வருகிறது என்று பாருங்கள். பல இடங்களில் ஃபைபர்தான்.

மதுரை வாசகர்: தமிழ்நாட்டில் தாமதத்துக்கு மத்திய அரசுதான் காரணம். நம்ம டெண்டரையே ரத்து செய்தார்களே!
கோவை வாசகர்: அவர் பாதிதான் சொல்கிறார். டெண்டர் நிபந்தனை யாருக்காக எழுதப்பட்டது என்று சொல்லச் சொல்லுங்கள் சார்.

இரண்டு பேரும் ஆளுக்கு ஆறு கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். சேர்த்தே சொல்கிறேன். 12,525 ஊராட்சிகளுக்கான மாநில டெண்டர் 2019 டிசம்பரில் வந்தது. போட்டியை அடைக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன என்று புகார் போனது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த திமுக முறைகேடு என்றது, அதிமுக அரசு மறுத்தது. 2020 ஜூனில் மத்திய தொழில் மேம்பாட்டுத் துறை, நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன என்று சொல்லி, ரத்து செய்து மறுடெண்டர் விடச் சொன்னது. அப்படியே நடந்தது. 2021-ல் ஆட்சி மாறிய பிறகுதான் களத்தில் வேலை வேகம் பிடித்தது.

மதுரைக்காரருக்கு: தவறான நிபந்தனையோடு டெண்டர் போயிருந்தால், அதன் விலையைப் பிந்தைய பராமரிப்பில் கொடுத்திருப்போம். ரத்து செய்ததில் தவறு இல்லை. கோவைக்காரருக்கு: நிபந்தனை பற்றிய கேள்விகளை ஏலத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் வாங்கி, பதிலை வெளியிட்டிருந்தால் ஆறு மாதம் மிஞ்சியிருக்கும். அந்தக் கூட்டம் பெரிய டெண்டர்களில் வழக்கமாக உண்டு, அதைச் சடங்காக நடத்துவதுதான் பிரச்சினை.

பணம் மத்திய நிதி, வேலை மாநிலத்துடையது. நிதியின் மூலம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் திருத்திய மொத்த வருவாயில் 5 சதவீதம். இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். திறப்பு விழா என்றால் இருவருக்கும் பங்கு, பழுது என்றால் இருவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம். சண்டை இங்கிருந்து முளைக்கிறது.

மதுரை வாசகர், மறுபடி: அதையெல்லாம் விடுங்க. ஃபைபரை மின்கம்பத்தில் தொங்கவிட்டதே தப்பு. மண்ணுக்குள் போட்டிருக்க வேண்டும்.
நாகை மின்வாரியப் பணியாளர்: கஜாவில் விழுந்த கம்பங்களை எண்ணிப் பார்த்தவன் நான். அவர் சொல்வது சரி.

இதற்கு மட்டும் 20-க்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன, கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது உண்மை. கடலோர டெல்டாவில் முதன்மைத் தடத்தை மண்ணுக்குள் போட வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் மண்ணுக்குள் போட்டால் பத்திரம் என்பது காகிதத்தில் எழுதிய ஆழத்துக்குத்தான் பொருந்தும். விதிப்படி பள்ளம் 1.65 மீட்டர், அதில் உட்புறம் வழுக்கும் பிஎல்பி பிளாஸ்டிக் குழாய், அதற்குள் கேபிள். குடிநீர்க் குழாய்க்கு வெட்டுகிற பள்ளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்தப் பள்ளம் வெட்டும்போது ஃபைபர் அறுந்தது என்றால், ஃபைபரை 1.65-ல் போடவே இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். பாறை வந்தது என்று மேலே போட்டுவிட்டு, கான்கிரீட் மூடாமல் போயிருப்பார்கள். அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய பொறியாளர் மண் மூடிய பிறகு வந்தால் அளக்க எதுவும் இருக்காது.

கம்பத்து கேபிள் வேகமாகப் போகும், சாலை தோண்டும் அனுமதி வேண்டாம், அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சில கம்பத்துக்கு ஒரு முறை உபரி கேபிளைச் சுருட்டி வைத்தால், அறுந்தபோது துண்டு வைக்காமல் ஒரே ஸ்ப்ளைஸில் முடியும். கம்பம் மாற்றும் மின்வாரிய ஊழியர்களுக்கு ஃபைபர் ஆளின் எண் தெரிந்திருக்க வேண்டும்.

மண்ணா கம்பமா என்பதைவிட எனக்குப் பெரிய கவலை வளையம். 2023 திட்டம் ஊராட்சிகளை வளையமாக இணைக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் ஓடும். முதல் கட்டத்தில் வரிசையாகப் போட்டதால் நடுவில் ஓர் அறுப்பு விழுந்தால் அதற்கப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் படுத்துவிட்டன. ஆனால் போகும் தடமும் வரும் தடமும் ஒரே சாலையோரம், ஒரே கம்பத்தில் என்றால் ஒரே பொக்லைன் இரண்டையும் எடுத்துவிடும். வரைபடத்தில் வளையம், தரையில் ஒற்றைக் கோடு. ஒன்றியக் கூட்டத்தில் தட வரைபடத்தைக் கேளுங்கள், இரு தடமும் சேர்ந்து போகும் தூரத்தைப் பாருங்கள்.

சாலை ஒப்பந்தக்காரர்: எங்களையே குறை சொல்கிறீர்கள். கேபிள் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு யார் சொல்கிறார்கள்?

நியாயமான கேள்வி. 2023 மார்ச்சிலிருந்து 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி இருக்கிறது. தோண்டும் இடத்தையும் தேதியையும் பதிந்தால் கேபிள் உரிமையாளருக்குத் தகவல் போகும். பதிந்த ரசீதை எடுத்து வையுங்கள்; பதில் வராமல் அறுந்தால் அது உங்களுக்கு ஆதாரம்.

விருதுநகர், தேனி, அரியலூர், இன்னும் பலர்: எங்கள் ஊருக்கு எப்போது வரும்?

ஒவ்வோர் ஊராகச் சொல்ல முடியாது. கீழே உள்ள பதிலைப் படியுங்கள்.

ஊராட்சித் துணைத் தலைவர், சிவகங்கை: எழுதிக் கேட்பதாக இருந்தால் என்ன கேட்கலாம், ஐயா?

தகவல் உரிமை மனு, 10 ரூபாய், 30 நாள். டான்ஃபிநெட்டுக்கு ஒன்று, பிஎஸ்என்எல் மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று. "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், அதற்குக் கட்டுரைதான் வரும். ஆவணமாகக் கேளுங்கள்: எங்கள் ஊராட்சிக்கு இணைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள், ஏற்பு நேரத்து ஓடிடிஆர் அறிக்கையின் நகல், கடந்த 6 மாதத்தில் மாதவாரியாக இணைப்பு ஓடிய நேரம், இப்போது ஓடும் இணைப்புகளின் எண்ணிக்கை, பராமரிப்பு ஒப்பந்ததாரரின் பெயர், பழுது நீக்கக் கெடு, கெடு தவறியதற்குப் பிடித்த தொகை. கடைசியை விட்டுவிடாதீர்கள். பிடித்தம் பூஜ்யம், இணைப்பு மாதம் 10 நாள் என்று இரண்டும் ஒரே பதிலில் வந்தால், அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். மூன்றாவது எண்ணைக் கேளுங்கள் என்று மேலே சொன்னேனே, அது இந்த மனுவில் கேட்கும் ஓட்ட விவரம்தான்.

அரியலூர் வாசகர்: அது சரி சார், எங்கள் ஊருக்கு எப்போது?

மனுவைப் போடுங்கள்.

கேபிள் ஆபரேட்டர், திண்டிவனம்: ஊராட்சிவரை வந்தால், வீடுகளுக்கு நான் கொடுக்கலாமா? என்ன முதலீடு ஆகும்?

கொடுக்கலாம். உரிமம் வைத்திருக்கும் ஒரு சேவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும். முதலில் ஸ்ப்ளைஸிங் மெஷின், கிளீவர், பவர் மீட்டர் வாங்குங்கள். ஓடிடிஆரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வீட்டுப் பக்கம் 1:8 ஸ்ப்ளிட்டர் போட்டால் 10.5 டெசிபல் போகும். ஊராட்சி முனையில் உங்கள் சொந்த ஓஎல்டி வைத்தால் மேலே இருந்து வரும் வெளிச்சக் குறைவு உங்கள் கணக்கில் சேராது, எனவே அதையே சொல்வேன். ஊராட்சி அலுவலகத்து மின்சாரத்தை நம்பாமல் 4 மணி நேரம் தாங்கும் பேட்டரி வையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஊராட்சியின் 6 மாத ஓட்ட விவரத்தை வாங்கிப் பாருங்கள். மாதத்தில் 3 நாளுக்கு மேல் படுத்திருந்தால், பழுது சரியாகும்வரை வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்க வேண்டாம்.