முழு வேகத்தில் பிட்ச் மாறவில்லையா? சர்வோவை விடுங்கள், பேரிங்கைப் பாருங்கள்

வணக்கம் தம்பி. உங்கள் மாடல் விமானத்தின் புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றும்போது பிட்ச் (அதன் இறக்கைகளின் சாய்வுக் கோணம்) நன்றாக மாறுகிறது, முழு வேகத்தில் அந்தக் கோணத்தைத் திருப்பும் சிறு கருவியான சர்வோ முனகிச் சூடாகிறது, கோணம் அசைவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெரிய சர்வோ வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில், இறக்கைத் தண்டு ஹப்பில் (இறக்கைகள் பொருந்தும் நடுப்பகுதியில்) வெறும் பித்தளைப் புஷ்ஷில், அதாவது ஒரு குழாய் உறையில், நிற்கிறது. சிக்கல் அங்கேதான்.

கணக்குப் போடுவோம். இறக்கை 5 கிராம், எடைமையம் நடுவிலிருந்து 6 செ.மீ., நிமிடத்துக்கு 8000 சுற்று. வெளியே இழுக்கும் விசை சுமார் 21 கிலோ! தண்டின் தலை புஷ்ஷோடு அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. ஆர்சி (ரேடியோவில் இயக்கும்) ஹெலிகாப்டரின் பிரதான பிளேடு பிடியில் இருப்பதுபோல் ஒவ்வொரு இறக்கைக்கும் ஒரு திரஸ்ட் பேரிங் (தண்டின் நீளவாக்கில் வரும் இழுவையைத் தாங்கும் பேரிங்) போடுங்கள். அதன் இரண்டு வளையங்களும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், துளை வேறு. தண்டில் நுழைத்துப் பாருங்கள். கச்சிதமாக உட்காருவது தண்டின் தலையை ஒட்டி, தொளதொளவென்று ஆடுவது ஹப் சுவரை ஒட்டி. மாற்றிப் போட்டால் மறுபடியும் உரசும். கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

அப்புறம், மோட்டாரில் மாட்டும் முன் ஹப்பை ரம்புத்தான் கிளையில் கட்டி, இறக்கைத் தண்டில் இரண்டு 10 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிடுங்கள். விரலால் தள்ளினாலே தண்டு திரும்ப வேண்டும். பிறகு நான்கு மூட்டை. ஹப் தாங்குகிறதா என்று பார்க்க.

இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் திடலில் விமானத்தைக் கண்டால் பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள். முதல் ஓட்டத்தில் இறக்கை சுற்றும் வட்டத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள், நீங்களும் பின்னால் நில்லுங்கள்.