மாசக் கடைசியில் அரை லிட்டர் யாரு வாங்குவா?

கேள்வி: அக்கா, கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். பி.பி.ஏ. கடைசி வருடம். அப்பா காசிமேட்டில் ஐஸ் லோடு ஏற்றுகிறார், அம்மா வாசலிலேயே இட்லிக்கடை போட்டிருக்கிறார். மார்க்கெட்டிங்கில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு விளம்பர ஏஜென்சியில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, சம்பளம் கிடையாது. இன்னொரு பக்கம் பிஸ்கட் ஸ்டாக்கிஸ்ட் ஒருவர் கடை கடையாக ஆர்டர் எடுக்கும் வேலைக்கு மாதம் 16,000 தருகிறேன் என்கிறார். "டிகிரி படிச்சிட்டு தெருத் தெருவா அலையவா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். டிஜிட்டல் மார்க்கெட்டிங் சென்டர் ஒன்று 45,000 கட்டினால் வேலை உறுதி என்கிறது. எதை எடுப்பது? எனக்கு இங்கிலீஷும் தடுமாறும்.

பதில்: அக்கா என்று எழுதிவிட்டாய். அதனால் 'நீங்கள்' எல்லாம் வேண்டாம், தம்பி. நேராகவே சொல்லிவிடுகிறேன். பிஸ்கட் வேலைக்குப் போ.

நானும் பழைய வண்ணாரப்பேட்டைக்காரிதான். 2009-ல் ஒரு நுகர்பொருள் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தபோது, பயோடேட்டாவில் எங்கள் வீட்டு முகவரியைப் போடவில்லை. அடையாறில் இருந்த சித்தி வீட்டு முகவரியைப் போட்டேன். 600021 என்று பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். பேச்சில் 'இன்னா' வந்துவிடக் கூடாதே என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அதனால் முதல் இரண்டு மாதம் மீட்டிங்கில் நான் பேசியது மொத்தமே பத்து வாக்கியம் தேறாது.

முதலில் தண்டையார்பேட்டை பீட் கொடுத்தார்கள். பீட் என்றால் ஒருவர் ஆர்டர் எடுக்கச் சுற்ற வேண்டிய கடைகளின் பகுதி. எங்கள் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர் பாட்டிலை ஒரு மளிகைக்கடையில் முன்வரிசையில் அடுக்கி, போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். அண்ணாச்சி சிரித்தார். "தேதி 24 ஆச்சு. மாசக் கடைசில அரை லிட்டர் யாரும்மா வாங்குவா? இத எடுத்துட்டு அஞ்சு ரூபா பாக்கெட்ட மாட்டு. சம்பளம் வந்தப்புறம் பாட்டில வை." இரண்டு வருஷம் எம்.பி.ஏ. வகுப்பில் யாரும் இதைச் சொல்லவில்லை. அவர் சொன்னபடியே மாற்றினேன், பாக்கெட் போயிற்று. அன்றிலிருந்து எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் சரக்கைப் பற்றிப் பேசுவதில்லை, ஓரமாகப் பத்து நிமிஷம் நின்று யார் என்ன கேட்டு வாங்குகிறார்கள் என்று பார்ப்பேன்.

அடுத்த மே மாதம் காசிமேடு பீட்டில் விற்பனை படுத்துவிட்டது. சேல்ஸ்மேன் சரியில்லை, ஆளை மாற்றலாம் என்று மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், தடைக்காலம்" என்றேன். யாருக்கும் புரியவில்லை. விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்தத் தெருவில் காசு புழங்காது, கடைக்காரர் அக்கவுன்ட் நோட்டில் எழுதித்தான் சரக்கு தருவார் என்று விளக்கினேன். அப்போது மீன்பிடித் தடை 45 நாள். 2017-லிருந்து 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. உனக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை, உன் அப்பாவின் ஐஸ் வேலையும் அந்த இரண்டு மாதம் படுத்துக்கொள்ளும் அல்லவா? ஆனால் வருஷ டார்கெட்டைப் பன்னிரண்டால் வகுத்து வைத்திருந்த அந்த அறையில் இருந்த யாருக்கும் அது தெரியாது. மேனேஜர் கேட்டார், "உனக்கு எப்படித் தெரியும்?" சித்தி வீட்டு முகவரி அன்றோடு போயிற்று. அந்த வருஷக் கடைசியில் என்னை பிராண்ட் டீமுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மார்க்கெட்டிங் என்றாலே விளம்பரம், ரீல்ஸ் என்று நினைத்துவிடுகிறோம். கடலூரிலிருந்து 1983-ல் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பு கொண்டுவந்தபோது கிராமங்களில் என்ன செய்தார்கள்? ஒரு பையனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் தலையில் நுரை வரத் தேய்த்துக் காட்டினார்கள். காலி பாக்கெட்டுகளைக் கொடுத்தால் புது பாக்கெட் ஒன்று இலவசம் என்றார்கள். முதலில் எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டார்கள், பிறகு சிக் பாக்கெட்டை மட்டும். வாங்குகிறவர் எதிரில் நின்று பழகியவருக்குத்தான் இப்படி யோசிக்க வரும். காசிமேட்டில் மீன்கார அக்கா "ஃப்ரெஷ்ஷு" என்று நாலு தடவை கத்துவதைவிட, செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவதுதான் வியாபாரத்தை முடிக்கும், இல்லையா?

ஏஜென்சி வேலையை நான் மட்டம் தட்டவில்லை. சம்பளம் இல்லாமல், தினமும் மூன்று நான்கு மணி நேரம் பஸ்ஸிலேயே போய், அடுத்தவர் எழுதிக் கொடுத்த போஸ்ட்டைப் பதிவேற்றுவதற்கு உன் வீட்டு நிலைமை இடம் கொடுக்காது. அவ்வளவுதான்.

45,000 விஷயம். கட்டாதே. கூகுள் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி இரண்டிலும் பாடம் இலவசம். 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் உன் கல்லூரிக்கு என்ன பாடம் வருகிறது என்று ப்ளேஸ்மென்ட் சாரிடம் கேள். எக்ஸெல் மட்டும் கை பழகும்வரை உட்கார்ந்து கற்றுக்கொள். ஏனென்றால் இந்தத் தொழிலில் கணக்கு போடத் தெரியாதவன் சீக்கிரம் மாட்டிக்கொள்வான். 500 ரூபாய்க்கு இன்ஸ்டாவில் விளம்பரம் போட்டாய் என்று வை. 40 பேர் மெசேஜ் அனுப்பினார்கள், 5 பேர் வாங்கினார்கள். எல்லோரும் அந்த 40-ஐப் பார்த்துக் கைதட்டுவார்கள். வாங்கிய ஒருவரைப் பிடிக்க 100 ரூபாய் ஆயிருக்கிறது, ஒரு விற்பனையில் லாபம் 60 என்றால் ஆளுக்கு 40 நஷ்டம். அவரே அடுத்த மாதம் விளம்பரம் இல்லாமல் திரும்பி வந்தால் 20 லாபம். ஆகவே கேட்க வேண்டியது, எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதைத்தான்.

என் பெரிய சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்களுக்கு ஸ்கீம் எஸ்.எம்.எஸ். அனுப்பும் வேலை. '12 வாங்கினால் 1 இலவசம்' என்பதை '2 வாங்கினால் 1' என்று அடித்து அனுப்பிவிட்டேன். காலை 11 மணிக்கே தெரிந்துவிட்டது. வயிற்றைப் பிசைய, சாயங்காலம் நாலு மணி வரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஆர்டர் குவிந்துவிட்டது. மேனேஜர் தப்புக்காகத் திட்டவே இல்லை. "பதினோரு மணிக்கே சொல்லியிருந்தா நாலு கடையோட போயிருக்கும்" என்றார். எனக்கு இப்போதும் அந்த ஐந்து மணி நேரம்தான் உறுத்துகிறது.

இங்கிலீஷ்? தினம் மூன்று வரி மெயில் எழுதிப் பழகு: என்ன நடந்தது, எவ்வளவு, நாளை என்ன செய்வாய். ஆறு மாதத்தில் மெயில் பயம் போய்விடும். பேச்சு அதன் பின்னாலேயே வரும்.

பிஸ்கட் வேலையில் சேருமுன் சம்பளம், பெட்ரோல் காசு, டார்கெட் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள். பி.எஃப். உண்டா என்று கேள். டெபாசிட் கட்டு என்றாலோ, ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கொடுத்துவிடு என்றாலோ எழுந்து வந்துவிடு. ஒன்றரை வருஷம் போதும், அதற்கு மேல் அதே பீட்டில் ஓடாதே. தினமும் ராத்திரி ஒரு நோட்டில் அன்று கடையில் கேட்டது ஒன்றை எழுதி வை. பின்னால் இன்டர்வியூவில் அந்த நோட்டுதான் உனக்காகப் பேசும்.

வேலையில் சேருவதற்குள் ஒரு காரியம் செய். அம்மா கடையில் தினமும் வருகிறவர்கள் யார், கடன் சொல்லி வாங்குகிறவர்களில் எத்தனை பேர் ஒழுங்காகத் திருப்பித் தருகிறார்கள், மழை நாளில் எத்தனை இட்லி மிஞ்சும் என்று அம்மாவையே கேட்டு எனக்கு எழுது. நோட்டைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவார், பார்.