முதலாண்டு நாடக மாணவர் மேடைச் சொற்களை எங்கிருந்து கற்கத் தொடங்க வேண்டும்?

அப்ஸ்டேஜ், பிளாக்கிங், கியூ என்று நீளும் சொற்பட்டியல் ஒன்றை வகுப்பில் கொடுத்திருப்பதாகவும், எத்தனை முறை படித்தாலும் அது நினைவில் நிற்கவில்லை என்றும், அதை விட்டுவிட்டு நடிப்பு உத்திகளை முதலில் கற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி நாடகக் குழுவில் நடிகனாகச் சேர்ந்து, நடிப்பு அவ்வளவாகக் கைவராததால் மேடை நிர்வாகத்துக்கு மாறியவன் நான். ஆகவே இது பக்கத்தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தவனின் பதில். பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஆளில்லாத அரங்கின் கடைசி வரிசையில், சுவரோரம் இருக்கும் நாற்காலியில் போய் உட்காருங்கள். மேடைச் சொற்களில் பெரும்பாலானவை, அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிகிறதா, கேட்கிறதா என்ற கவலையிலிருந்து பிறந்தவை.

முதலில் திசைகள். மேடையில் வலமும் இடமும் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகருடையவை. இயக்குநர் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவை மாறுவதில்லை. என் முதல் ஒத்திகையில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த இயக்குநர் "வலப்பக்கமாக வெளியேறு" என்றதும், அவருடைய வலக்கை இருந்த பக்கம் விரைந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து செம்பில் தண்ணீருடன் நுழைந்த சக நடிகை என்மீது மோதினார், செம்பு காலியாகிவிட்டது. அந்த ஈரச் சட்டைக்குப் பிறகு எனக்கு அந்தச் சொல் மறக்கவே இல்லை.

அப்ஸ்டேஜ் என்பது மேடையின் பின்பகுதி, டவுன்ஸ்டேஜ் என்பது பார்வையாளரை ஒட்டிய முன்பகுதி. ஐரோப்பாவின் பழைய அரங்குகளில், பின்னால் நிற்பவரும் தெரிய வேண்டும் என்பதற்காக மேடைத் தளத்தைப் பின்பக்கம் உயர்த்திச் சரிவாக அமைத்தார்கள். பின்னால் போவது உண்மையிலேயே மேலே ஏறுவதாக இருந்தது. இன்று தளம் பெரும்பாலும் சமமாகிவிட்டது, சொல் மட்டும் நிலைத்துவிட்டது. முன், நடு, பின் என்ற மூன்றையும் வலம், மையம், இடம் என்ற மூன்றோடு சேர்த்தால் ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். அவற்றைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். இருவர் பேசும் காட்சியில் ஒருவர் மெல்லப் பின்னால் நகர்ந்துவிட்டால், மற்றவர் அவரைப் பார்த்துப் பேசுவதற்காகப் பார்வையாளருக்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கும். நடிகர்களுக்குள் இது பெரிய மனத்தாங்கலாக முடிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முழுவதுமாக எதிராளி பக்கம் திரும்பாமல், உடலை முக்கால் பங்கு அரங்கை நோக்கி வைத்துப் பேசும் பழக்கம் அதனால்தான் முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படுகிறது.

இந்தக் கவலை நம் மொழியில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, 24 விரல் அளவுள்ள கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உள்ள அரங்கைச் சொல்கிறது. அரங்கின் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல், வாயில்கள் இரண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகளும் அங்கே உண்டு. ஒரு பக்கத்திலிருந்து இழுபடுவது, இரு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்துவது, மேலிருந்து இறங்குவது என்று பொதுவாக அவற்றுக்குப் பொருள் கொள்வர். எனக்கு இவற்றைவிடப் பிடித்தது, தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்ற குறிப்பு. விளக்கு வைப்பவருக்கு இன்றும் அதே தலைவலிதான். ஒரு முகத்துக்கு இரு பக்கமும் சுமார் 45 பாகைக் கோணத்தில், மேலிருந்து ஒளி தரும் முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. ஒரே பக்க ஒளியில் மூக்கின் நிழல் மறுபாதி முகத்தை விழுங்கிவிடும். ஒளிவட்டத்தின் மையத்தில் நிற்கிறோமா என்பதை முகத்தில் படும் சூட்டைக் கொண்டு அறிவது பழைய நடிகர்களின் வழக்கம். எல்இடி விளக்குகள் அந்தச் சூட்டைக் குறைத்துவிட்டதால், இப்போதைய மாணவர்கள் தரையில் ஒட்டிய நாடாவையே நம்ப வேண்டியிருக்கிறது.

பிளாக்கிங் என்பது யார், எந்த வசனத்தில், எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்ற ஏற்பாடு. அதைப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் மட்டுமே எழுதுங்கள், மறுநாள் மாறிவிடும். கியூ என்பது உங்களை நுழையவோ பேசவோ வைக்கும் குறிப்பு. முந்தையவரின் கடைசிச் சொல்லாகவும் இருக்கலாம், ஒரு விளக்கு அணைவதாகவும் இருக்கலாம். விங்ஸ் (மேடையின் பக்கத்தட்டிகள்), பிராப்ஸ் (நடிகர்கள் கையாளும் பொருள்கள்), சைக்ளோரமா (மேடையின் பின்னால் விரியும் பெரிய திரை) போன்றவற்றை ஒரு நாள் மேடைக்குப் பின்னால் உதவியாளராக நின்றாலே கற்றுவிடலாம்.

நடிப்புக்கு வருவோம். தமிழில் நடிப்பவருக்கு நான் முதலில் சொல்வது உணர்ச்சியைப் பற்றியதல்ல, வாக்கியத்தின் முடிவைப் பற்றியது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருகிறது. மறுப்பும் அங்கேதான் வருகிறது. "நான் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவே இல்லை" என்ற வசனத்தை மூச்சு தீரும் நிலையில் பேசினால், கடைசி வரிசைக்கு "பிரித்துப் படிக்க" வரை கேட்கும், "இல்லை" காற்றோடு போய்விடும். குற்றமற்றவன் குற்றவாளியாகிவிடுவான். ஆங்கிலப் பயிற்சி நூல்களைப் பார்த்துக் குரல் பயிற்சி செய்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அம்மொழியில் மறுப்பு வாக்கியத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடுவதால் ஆங்கிலத்தில் நடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. நுரையீரலின் மேற்பகுதியால் மட்டும் மூச்சிழுக்காமல், வயிறு முன்னே வரும்படி உதரவிதானம் இறங்க மூச்செடுத்து, வசனத்தின் கடைசி அசைக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்துப் பேசிப் பழகுங்கள். நண்பர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கேட்ட கடைசிச் சொல்லை மட்டும் எழுதச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

அகத்தைப் பற்றிய பயிற்சிக்கு ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியிடம் செல்லலாம். நெமிரோவிச் தான்சென்கோவுடன் சேர்ந்து 1898-இல் மாஸ்கோ கலை அரங்கை நிறுவிய அவர், உணர்ச்சியை நேரடியாக வரவழைக்க முயலாமல், சூழலையும் பாத்திரத்தின் தேவையையும் பற்றிக்கொள்ளச் சொன்னார். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. தொலைந்த சாவியைத் தேடுவதுபோல் நடியுங்கள்; கைகள் அலையும், நெற்றி சுருங்கும், பார்ப்பவருக்குப் பொய் என்று தெரியும். பிறகு உண்மையாகவே ஒருவர் சாவியை ஒளித்துவைத்து, ஐந்து நிமிடத்தில் கடைசிப் பேருந்து போய்விடும் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். உடல் அடங்கும், கண் ஒரே இடத்தில் நிற்கும், முகத்தில் எதையும் காட்ட நேரமிருக்காது. "கவலையாக இருக்கிறேன்" என்பதை நடிக்க முடியாது. "சாவியைக் கண்டெடுக்க வேண்டும்" என்பதை நடிக்கலாம்.

நாட்டிய சாத்திரம் ஆங்கிகம் (உடல்), வாசிகம் (பேச்சு), ஆகாரியம் (ஒப்பனை, உடை), சாத்துவிகம் (உள்ளுணர்வு) என நடிப்பை நான்காக வகுப்பதையும், தொல்காப்பியம் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வதையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மெய்யில் படுவதே மெய்ப்பாடு. பார்ப்பவருக்குப் புலப்படாத உணர்ச்சி மேடையில் கணக்கில் வராது.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டைச் சற்றுப் பிறகு படிக்கலாம் என்பது என் கருத்து. பார்வையாளர் கதையில் கரைந்துவிடாமல் விலகி நின்று சிந்திக்க வேண்டும் என்ற அவருடைய அந்நியப்படுத்தல் உத்தியைப் பாடமாகப் படிக்கும்போது கடினமாகத் தோன்றும். 1935-இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைக் கண்டது அவருடைய சிந்தனையைக் கூர்மையாக்கியது. நமக்கு அதைப் புரிந்துகொள்ளத் தெருக்கூத்தே போதும். இரண்டு பேர் கையில் பிடித்த திரைக்குப் பின்னால் வேடக்காரர் பாடிக்கொண்டிருக்க, கூத்தை அறிமுகப்படுத்தி நகைச்சுவையும் செய்யும் கட்டியங்காரன் அவரிடமே "நீ யார், எதற்காக வந்தாய்" என்று வினவி, நடுவில் ஊர் விவகாரம் ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு மறுபடியும் பாரதத்துக்குள் நுழைகிறார். விழுப்புரம், காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக் காலத்தில் ஓர் இரவு முழுதும் உட்கார்ந்து பாருங்கள், விடியற்காலை வரை. பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள், எத்தனை சொற்களுக்கு அங்கே வேறு பெயர் இருக்கிறது என்று எழுதிவரலாம்.