கீமோவ மாத்திரையாவே சாப்பிட்டுக்கலாமுங்களா?

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். எங்க வீட்டுக்காரருக்கு 44 வயசு, பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டருங்க. எச்ஐவிக்கு ஏஆர்டி சாப்பிட்டுட்டு இருக்காரு. இப்ப கழுத்துல கட்டி வந்து பயாப்ஸி பார்த்ததுல லிம்ஃபோமாங்கற நெணநீர் புற்றுநோய், பெரிய பி செல் வகைங்கறாங்க. 21 நாளைக்கு ஒருக்கா டிரிப்ல கீமோ, ஆறு தடவையாம். மாத்திரை கீமோவும் இருக்குதாமே, வேலைக்கும் போயிட்டு வீட்லயே சாப்பிட்டுக்கலாமுங்களா?
வாசகி, திருப்பூர்

பதில்: அம்மணி, மாத்திரை கீமோ இருக்கறது நெசம்தான். உகாண்டாவுலயும் கென்யாவுலயும் இதே மாதிரி எச்ஐவியோட லிம்ஃபோமா வந்த 49 பேருக்கு லோமஸ்டின், எட்டோபோசைட், சைக்ளோபாஸ்பமைடு, புரோகார்பசின்னு நாலையும் மாத்திரையாவே குடுத்து பார்த்தாங்க, 2009ல முடிவு வந்துச்சு, பல பேருக்கு கட்டி சுருங்குச்சு. ஆனா அது டிரிப் போட வசதி கம்மியான ஊருல வேற என்ன பண்றதுன்னு தேடுன வழி. உங்களுக்கு கோயமுத்தூர் பக்கத்துலயே இருக்குது, முதலமைச்சர் காப்பீடும் இருக்குது, அதை விட்டுட்டு மாத்திரைக்கு போக வேண்டாமுங்க. இந்த வகைய முழுசா கொணப்படுத்தற நோக்கத்தோட குடுக்கறது டிரிப்தான்.

மாத்திரைன்னா லேசுன்னும் நெனைக்காதீங்க. வெள்ளணு அதுலயும் எறங்கும், வாந்தில மருந்து வெளிய போயிருச்சான்னு வீட்ல யாருக்கு தெரியும்?

டிரிப்ல செவப்பா ஒரு மருந்து ஏறும், டாக்சோரூபிசின். அன்னிக்கு ஒண்ணுக்கு செவப்பா போனா ரத்தம்னு பயந்துறாதீங்க, ஆனா ஏறும்போது ஊசி எடத்துல சுருக்குன்னு எரிஞ்சா அப்பவே நர்ஸைக் கூப்புடோணும், வெளிய கசிஞ்சா சதை வெந்துரும். வின்கிரிஸ்டின்னு இன்னொண்ணு, விரல் மரத்துப்போகும். துணி வெட்டற கையாச்சே, சட்டை பட்டன் போட தடுமாறுனாலே டாக்டர்ட்ட சொல்லச் சொல்லுங்க.

ஏஆர்டிய நீங்களா நிறுத்தவே கூடாது. அந்த டப்பாவ அப்படியே கீமோ டாக்டர்ட்ட கொண்டுபோய் காட்டுங்க. ஜிடோவுடின் இருந்தா ரத்த அணு இன்னும் கொறையும், ரிட்டோனவிர் இருந்தா வின்கிரிஸ்டின் ஒடம்புல தங்கி நரம்ப பாதிக்கும், ரெண்டுக்கும் மாத்து மருந்து இருக்குது. எச்ஐவின்னு தெரிஞ்சா சேர்த்துக்க மாட்டாங்களோன்னு மறைச்சறாதீங்க கண்ணு, வைத்தியம் மறுக்கக்கூடாதுன்னு 2017லயே சட்டம் வந்தாச்சு.

ஒரு தெர்மாமீட்டர் இன்னைக்கே வாங்கி வைங்க. கீமோ போட்டு ஒரு வாரம் பத்து நாள்ல நோயை எதிர்க்கற வெள்ளணு கொறைஞ்சிருக்கும், அப்ப காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டுனா, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் விடியட்டும்னு பார்க்காம, காய்ச்சல் மாத்திரை குடுத்து படுக்க வைக்காம, வண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருங்க.